மேடையில் எதை மறைப்பது? – வாசகர் கேள்விகளும் ஒரு நாடக மாணவியின் பதில்களும்

(களக்காடு பக்கத்துக் கிராமத்திலிருந்து போய் நாடகத்தில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் சென்ற இதழில் மேடை உத்திகளைப் பற்றி எழுதியிருந்தார். பார்ப்பவர் கண்ணெதிரே செய்கிற தந்திரம் ஒளித்துச் செய்கிற தந்திரத்தைவிட வலுவானது என்பது அவர் கட்சி. அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவரே பதில் சொல்கிறார்.)

எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மேடைக்கு மேலே மூன்று மைக் தொங்கவிடுகிறோம். அப்படியும் பிள்ளைகள் பேசுவது முன்வரிசைக்கே கேட்பதில்லை. கூட்டி வைத்தால் மைக் ஊளையிடுகிறது. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, விக்கிரமசிங்கபுரம்

இதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதி என் தாய்மாமாவுக்குத்தான் உண்டு. மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் கொடை, கல்யாணம், சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் குழாய்தான் கட்டுவார். உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "ஏட்டி, மேல தொங்குத மைக்குல பிள்ள சத்தம் எங்க வரும்? ஃபேன் சத்தந்தான் வரும்" என்று முடித்துவிட்டார்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் சத்தம் நாலில் ஒரு பங்காகிவிடும். தலைக்கு மேல் ஆறடியில் தொங்கும் மைக்குக்கு ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் குரல் கிசுகிசுப்புதான். அதை ஈடுகட்ட நீங்கள் ஆம்ப்ளிஃபையரில் கூட்டுகிறீர்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போகிறது, அது மறுபடி ஸ்பீக்கருக்கு வருகிறது, ஊளை ஆரம்பம். முதல் காரியமாக ஸ்பீக்கர் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பல பள்ளிகளில் அழகுக்காக மேடையின் மேலேயே, பிள்ளைகளுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். இதைச் செய்தாலே பாதி ஊளை அடங்கும். மைக்கை மேலே கட்டாமல் மேடையின் முன்விளிம்பில் தரையோடு வைத்துப் பார்ப்பதும் நல்லது.

என்னைக் கேட்டால் பிள்ளைகளை மைக்கோடு மல்லுக்கட்ட விடவே வேண்டாம். நம் ஊரில்தானே வில்லுப்பாட்டு இருக்கிறது. புலவர் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். ராஜாவும் அவரே, ராணியும் அவரே, அரண்மனைக் காவல்காரனும் அவரே. வீசுகோல் நாணில் விழும் வேகத்தை வைத்தே குதிரை வருகிறதா, பல்லக்கு வருகிறதா என்று நமக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் குடம் அடிப்பவர் "ஆமா" போடுவது வெறும் தாளத்துக்கு அல்ல. கூட்டத்தின் சார்பில் கதை கேட்கிற ஆள் அவர். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு காந்தி கதையிலிருந்து நாட்டு நடப்பு வரை பாடினார்.

குரல் கணீரென்று இருக்கும் இரண்டு பிள்ளைகளை மேடையின் ஓரத்தில் கைமைக்கோடு உட்கார வையுங்கள். கதை சொல்வது, வசனம் பேசுவது எல்லாம் அவர்கள். மற்றவர்கள் நடுவில் நடித்தால் போதும். அந்த இருவரையும் திரைக்குப் பின்னால் மட்டும் ஒளித்து வைத்துவிடாதீர்கள். ஒளித்தால் "வாய் ஒண்ணு அசையுது, சத்தம் ஒண்ணு வருது" என்று பெற்றோர் சிரிப்பார்கள். எதிரில் உட்கார வைத்தால் இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

கணியான் கூத்து சுடலைமாடனுக்குச் செய்கிற சடங்கு. அதில் போய் 'நாடக உத்தி' தேடுவது சரியா? நாளைக்கு அதையும் ஏசி அரங்கத்தில் ஏற்றிவிடுவீர்கள் போலிருக்கிறதே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி டவுன்

ஏற்றிவிட்டார்கள். கலைவிழாக்களில் கால் மணி நேரம் ஆடவிட்டு, சால்வை போட்டு இறக்கிவிடுகிறார்கள். அதில் எனக்கும் வருத்தம்தான். ராத்திரி முழுக்க நிற்கிற ஒன்றைக் கால் மணி நேரத்துக்குள் அடக்கினால் மிஞ்சுவது சலங்கைச் சத்தம் மட்டும்.

ஆனால் சடங்கில் உத்தி இருக்கக் கூடாது என்று யார் சொன்னது? ராத்திரி பத்து மணிக்கு வந்து உட்கார்ந்த ஆச்சிகளை விடிகிற வரைக்கும் தூங்கவிடாமல் வைத்திருப்பது லேசான காரியமா?

எங்கள் ஊர்க் கொடையில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். மேடை கிடையாது. கோயிலுக்கு எதிரே தரையில்தான் கூத்து. அண்ணாவி பாடுவார், அவருக்குப் பின்பாட்டு உண்டு. மகுடம் என்கிற தோல்பறை இரண்டு. ஒன்று உச்சம், கீச்சென்று பேசும். இன்னொன்று மந்தம், அடித்தொண்டையில் பேசும். பெண்வேடம் கட்டி ஆடுகிறவர்கள் இரண்டு ஆண்கள். அந்த வேடத்தை அவர்கள் எங்கே கட்டுகிறார்கள் தெரியுமா? கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில், எங்கள் எல்லார் கண்ணுக்கும் முன்னால். ஒருவர் பைக்கின் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு மேலுதட்டை இன்னொரு தடவை மழிப்பார். அப்புறம் பவுடர், மை, பொட்டு. சவுரியை வைத்துக் கட்டும்போது பக்கத்தில் நிற்கும் பையன் ஊக்கை எடுத்துக் கொடுப்பான். அதற்குள் மகுடக்காரர்கள் ஓரமாகச் சருகைக் கூட்டிக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். தட்டிப் பார்ப்பார்கள், போதாது என்று மறுபடி நெருப்பில் காட்டுவார்கள்.

இத்தனையையும் பார்த்த அதே பையன்தான், கூத்து தொடங்கி அந்த இரண்டு பேரும் சலங்கை குலுங்கச் சாமியைப் பார்த்துப் போய் வரும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். ஊக்கு எடுத்துக் கொடுத்தது அவனுக்கு மறந்தா போயிற்று? இல்லை. ஆண் என்றும் தெரியும், அம்மன் என்றும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் அவன் தலைக்குள் நிற்கிறது. வேடம் கட்டும் அறையைப் பூட்டி வைத்திருந்தால் இந்த இரட்டைப் பார்வை கிடைத்திருக்காது. வகுப்பில் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட்டைப் படித்தோம். விளக்குகளை மறைக்காதே, திரையைப் பாதி உயரத்துக்கு மட்டும் கட்டு, இது நாடகம் என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும் என்றவர். பார்ப்பவர் கதையில் மயங்கிவிடாமல் யோசிக்க வேண்டும் என்பதற்காக அவர் அப்படிச் செய்தார். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அருள் வந்து ஆடுகிறார்கள்! ஒரே உத்தி, பலன் மட்டும் நேர் எதிர். என் பேராசிரியரிடம் இதைக் கேட்டேன். "அதை ஆய்வேடாக எழுது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

இன்னொன்று. சாமக்கொடையில் சுடலை வேட்டைக்குப் போகிற நேரம் வரும். சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுப் பக்கம் ஓடுவார். ஊர் பின்னால் போகாது. பந்தத்தின் வெளிச்சம் குளத்தங்கரையில் சின்னதாகிச் சின்னதாகி உடைமரங்களுக்குள் மறைந்துவிடும். கொடையிலேயே அதிகம் பயப்பட வைக்கும் காட்சி அதுதான், அதை யாருமே பார்க்கவில்லை. நாங்கள் பார்ப்பதெல்லாம் காலியாகக் கிடக்கும் பாதையை. அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கு ஒரு கதை கட்டிக்கொண்டிருப்போம். கிரேக்க நாடகங்களில் கொலை பெரும்பாலும் மேடைக்கு வெளியேதான் நடக்கும், ஒரு தூதுவன் ஓடிவந்து சொல்வான் என்று முதல் வருடம் பாடம் எடுத்தபோது எனக்கு ஏதென்ஸ் நினைவுக்கு வரவில்லை. எங்கள் குளத்தங்கரைதான் வந்தது.

ஆக, வேடம் கட்டுவதை எல்லார் முன்னாலும் செய்கிறவர்கள் வேட்டையை மட்டும் மறைக்கிறார்கள். எதை மறைப்பது, எதைக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள் பாருங்கள். உத்தி என்று நான் சொன்னது அந்த முடிவைத்தான்.

பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது (பிராம்ப்ட்) தவறா?
– ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

தவறில்லை. ஆனால் எடுத்துக் கொடுக்கும் குரல் நடிகரைவிடக் கணீரென்று இருந்தால் அவரையே நடிக்க வைத்துவிடுங்கள்.

திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசி ராத்திரி கைசிக நாடகம் பார்த்தேன். திரை இல்லை, விளக்கு வசதி இல்லை, கூட்டத்தில் சரியாகத் தெரியவும் இல்லை. நல்ல மேடை போட்டால் என்ன?
– ஒரு வாசகர், நாங்குநேரி

போட்டால் நம்பி, அதாவது திருக்குறுங்குடிப் பெருமாள், எங்கே உட்காருவார்?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாடகம் தெரியாதவர்களுக்காகக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பாணர் குலத்து நம்பாடுவான் ஏகாதசி விரதமிருந்து நம்பியைப் பாடப் போகிறான். வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான், பசி. பாடிவிட்டுத் திரும்பி வந்து உனக்கு இரையாகிறேன் என்று நம்பாடுவான் பதினெட்டு சத்தியம் செய்கிறான். போய்ப் பாடுகிறான், சொன்னபடி திரும்பியும் வருகிறான். கடைசியில் அந்தப் பாட்டின் பலனே ராட்சசனுக்கு விமோசனம் தருகிறது. கைசிகம் என்பது அவன் பாடிய பண்.

இந்த நாடகம் நடப்பது கோயிலுக்குள், கைசிக மண்டபத்தில், எழுந்தருளியிருக்கும் நம்பிக்கு முன்னால். 'முன்பக்கம்' என்று நாங்கள் வகுப்பில் எதைச் சொல்கிறோமோ அங்கே பெருமாள் இருக்கிறார். நடிப்பவர்களுக்குப் பார்வையாளர் அவர்தான். நாமெல்லாம் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, இன்னொருவருக்காக நடக்கிற ஒன்றை எட்டிப் பார்க்கிறவர்கள். உங்களுக்குச் சரியாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். அந்த நாடகத்தின் ருசியும் அதில்தான் இருக்கிறது என்பேன். நம்பாடுவானும் உள்ளே போக அனுமதி இல்லாதவன். வெளியே நின்று எட்டிப் பார்த்தவன். அவன் பார்க்கட்டும் என்று கொடிமரத்தையே நம்பி விலகச் சொன்னதாகக் கதை. திருக்குறுங்குடியில் கொடிமரம் இன்றைக்கும் நேராக இல்லாமல் விலகித்தான் நிற்கிறது. நாலு தலைகளுக்கு நடுவில் கழுத்தை நீட்டி அந்தக் கதையைப் பார்க்கும்போது நீங்களும் கொஞ்சம் நம்பாடுவான்தானே. ஏசி அரங்கில் நம்பரிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் அது கிடைக்காது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? பதினெட்டு சத்தியங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சினிமாவில் என்றால் மூன்றோடு வெட்டிவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு சத்தியத்துக்கும் ராட்சசன் மறுக்கிறான், நம்பாடுவான் அடுத்ததற்குப் போகிறான். பத்தாவது வாக்கில் நமக்கே சலிப்பு தட்டுகிறது. அந்தச் சலிப்பைத் தாண்டினால் வருகிற பதினெட்டாவது சத்தியம்தான் ராட்சசனை அசைக்கிறது. நம்மையும்தான். நேரத்தை இப்படித் தாராளமாகச் செலவழிக்கிற துணிச்சல் எங்கள் கல்லூரி நாடகங்களுக்கு வராது. நாற்பது நிமிடத்தில் மேடையைக் காலி செய்யச் சொல்வார்கள்.

உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்லாமல் போனால் தப்பு. நலிந்து போயிருந்த இந்த நாடகத்தை 1999-இல் நடனக் கலைஞர் அனிதா ரத்னத்தோடு சேர்ந்து மீட்டெடுத்தவர் நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் சே. இராமானுஜம். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். நவீன ஒளியமைப்பெல்லாம் கரைத்துக் குடித்தவர் நினைத்திருந்தால் மண்டபத்தில் நாலு ஸ்பாட் லைட் கட்டியிருக்க முடியாதா? நாடகத்தை அதன் இடத்திலேயே விட்டுவைத்தார். 2016-இல் அவர் காலமானபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஒரு கேள்விகூடக் கேட்க வாய்க்கவில்லை.

மேடையில் ராத்திரியை எப்படிக் காட்டுவது? நீல பல்பு போட்டால் எல்லோரும் பேய் மாதிரி தெரிகிறார்கள்.
– ஒரு நாடகக் குழு நண்பர், தென்காசி

நீல விளக்கை நேர் எதிரிலிருந்து முகத்தில் அடித்தால் பேய்தான். விளக்கு எதிரிலிருந்தே வந்தால் மூக்கும் கன்னமும் ஒன்றாகி முகம் சப்பையாகிவிடும். ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் என்ற அமெரிக்கர் 1932-இல் ஒரு முறை எழுதி வைத்தார், இன்றும் எங்களுக்குப் பாலபாடம் அது. நடிகருக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு விளக்கு, இரண்டும் நாற்பத்தைந்து பாகை உயரத்திலிருந்து. ஒன்று மஞ்சள் சாயலில், மற்றது நீலச் சாயலில். ராத்திரிக்கு நீலத்தைத் தூக்கி மஞ்சளை இறக்குங்கள், ஆனால் முழுக்க அணைத்துவிடாதீர்கள். நிலவு ஒரு பக்கம், எங்கோ ஒரு வீட்டு விளக்கு மறுபக்கம் என்று கண் தானாகவே எடுத்துக்கொள்ளும். நிலவுக்கான விளக்கைப் பின்பக்கத்து மேல்மூலையிலிருந்து வரவிட்டால் தலைமுடி, தோள் எல்லாம் விளிம்பு கட்டி நிற்கும். பேய் ஓடிவிடும்.

அடுத்த காட்சிக்கு மேடையை இருட்டாக்குவதில் ஒரு சின்ன வித்தை உண்டு. அணைப்பதற்கு முந்தின சில நொடிகள் வெளிச்சத்தை நன்றாகக் கூட்டிவிட்டு, பட்டென்று அணையுங்கள். இருட்டுக்கு மனிதக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். கூசிப்போன கண்ணுக்குக் கொஞ்ச நேரம் எதுவுமே தெரியாது, கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். நடிகர்கள் மட்டும் அணைவதற்கு முன்பே ஒரு கண்ணை மூடி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கண் அவர்களுக்கு வழி காட்டும். கோயில் திடலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே டீக்கடை டியூப் லைட்டை யார் அணைப்பது?

நிழல் விஷயத்தில் சிலப்பதிகாரம் பேசாத எதையும் புதிதாக யாரும் சொல்லிவிடவில்லை. அரங்கேற்று காதையில் மாதவியின் மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ. ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்துநாலு பெருவிரல். விரலுக்கு ஓர் அங்குலம் என்று தோராயமாக வைத்தால் பதினாலுக்குப் பதினாறு அடி மேடை, இரண்டடி உயரம். நம் ஊரில் தலைவர் பேச ஐந்தடிக்கு மேடை போட்டு, அதே மேடையில் பரதமும் வைக்கிறார்கள். முன்வரிசைக்கு ஆடுகிறவளின் பாதமே தெரியாது. இரண்டடி என்று வைத்தவர் தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மூன்று விதத் திரைகளைச் சொல்வதற்கு முன்பே, தூணின் நிழல் அரங்கத்துக்குள் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைத்தார்கள் என்கிறார். ஆடலாசான், தண்ணுமை ஆசான் என்று எல்லாரையும் வரிசையாகச் சொன்னவர், விளக்கு வைத்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா இதைக் கேட்டுவிட்டு, "மைக் செட்டுக்காரன் பேர அழைப்பிதழ்ல எவன் போடுதான்?" என்றார்.

நண்பரே, என் கட்சிக்கு நானே இங்கே எதிர்க்கட்சி. விளக்கு எரிவது தெரியலாம், விளக்கே கண்ணைக் குத்தக் கூடாது. அதை மறைத்துத்தான் ஆக வேண்டும்.

என் சிறு வயதில் பார்த்த கம்பெனி நாடகங்களில் மேடையில் தேர் ஓடும், ஆள் மாயமாய் மறைவான். ஆர்.எஸ். மனோகர் நாடகத்தில் தந்திரக் காட்சிகளுக்கே கூட்டம் வரும். உங்கள் தலைமுறைக்கு அது ஏன் கைவரவில்லை?
– ஒரு மூத்த வாசகர், அம்பாசமுத்திரம்

தாத்தா, கைவராததற்குப் பாதிக் காரணம் வாடகை. அந்தக் கம்பெனிகள் ரயிலில் சாமான் ஏற்றி வந்து ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அங்கேயே இருக்கும். கப்பி, கயிறு, பலகைத் திறப்பு, எழுதின படுதாக்கள் எல்லாம் ஒரே இடத்தில் கட்டி, ஓட்டிப் பார்த்து, எண்ணெய் போட்டு வைத்திருப்பார்கள். எங்களுக்கு மண்டபம் கிடைப்பது அரை நாள். சாயங்காலம் நாடகம் என்றால் மத்தியானம்தான் சாவி தருவார்கள். அதற்குள் தேர் ஓட்டினால் முன்வரிசை மேல்தான் ஓடும்.

ஜப்பானின் கபுகி நாடக அரங்கில் 1758-லேயே சுழலும் மேடை வந்துவிட்டது. அடித்தளத்தில் ஆட்கள் நின்று தோள்கொடுத்துத் தள்ளித்தான் சுற்றினார்கள். ஆள் கூலி கட்டுபடியாகிற காலம் அது.

மீதிப் பாதிக்கு உங்கள் பக்கத்து மண்ணிலேயே பதில் இருக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சனீசுவரன் வேடத்தில் வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது என்றும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ, காது மூக்கு வைத்ததோ, அந்தக் கதையில் கப்பியும் இல்லை, கயிறும் இல்லை. ஒரு முகம், அதில் பூசின கறுப்பு, ஆள் நடந்து வந்த விதம், அவ்வளவுதான். தேர் ஓடினதைப் பார்த்து வியந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், பயந்தவர் யாராவது உண்டா?

மனோன்மணீயத்தை மேடையேற்ற முடியுமா? படிக்க மட்டுமே ஆகும் நாடகம் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.
– ஒரு தமிழ்ப் பேராசிரியர், திருநெல்வேலி

முடியும் ஐயா, முழுசாக அல்ல. ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பாலும் அகவல். வெட்டித்தான் ஆக வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்தாக எல்லோரும் எழுந்து நின்று பாடுகிற பாட்டைக் கொண்ட நாடகத்தின் கதை, அதை எழுதிய சுந்தரனார் பெயரில் பல்கலைக்கழகமே வைத்திருக்கிற ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது தனி வேடிக்கை. மதுரையை விட்டுவிட்டு நெல்லையில் கோட்டை கட்டி உட்கார்ந்த பாண்டியன் ஜீவகன், அவனைக் கவிழ்க்கப் பார்க்கும் அமைச்சன் குடிலன் என்று நம் ஊரிலேயே நடக்கிற கதை.

எல்லோரும் பயப்படுவது அந்தச் சுரங்கத்துக்குத்தான். சுந்தர முனிவர் அரண்மனைக்கும் தன் ஆசிரமத்துக்கும் நடுவே ரகசியமாக வழி அமைக்கிறார். குடிலன் அதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுக்கப் போகிறான். கடைசியில் அதே வழியாகச் சேரன் புருடோத்தமன் அரண்மனைக்குள் வந்து நிற்கிறான். படுதாவில் குகை வரைந்தால் சிரிப்பார்கள். கறுப்புத் துணியில் கூண்டு கட்டினால் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

நான் எடுத்தால் சுரங்கத்தைக் காட்டவே மாட்டேன். நம் ஊர் மேடை டிரம் நிறுத்தி மேலே பலகை அடுக்கிப் போடுவதுதானே, அடியில் ஆள் குனிந்து போக இடம் இருக்கிறது. ஒரு நடிகரைக் கடப்பாரையோடு அடியில் அனுப்புவேன். மேலே ஜீவகன் தன் கோட்டையின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் காலுக்குக் கீழே சுரண்டுகிற சத்தம் வர வேண்டும். கூட்டத்துக்குக் கேட்கும், ராஜாவுக்குக் கேட்காது. அவன் இரண்டடி நகர்ந்தால் சத்தமும் கூடவே நகர வேண்டும். முதல் காட்சியிலிருந்தே இதைச் சொல்லாமல் கொள்ளாமல் நடத்திக்கொண்டு வந்தால், கடைசிக் களத்தில் ஒரே ஒரு பலகையைத் தூக்கி, உள்ளேயிருந்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஒரு கை வெளியே வந்தால் போதும். முழு ஆளும் ஏறி வருவதற்குள் மண்டபம் எழுந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மாமாவிடம் கேட்டேன், பலகை ஓரத்தில் ஒரு மைக்கைக் கீழ்நோக்கிக் கட்டினால் சுரண்டல் பின்வரிசை வரை போகும் என்கிறார். ஒரே நிபந்தனை, அடியில் போகிறவன் செல்போனை மேலேயே வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். உங்கள் துறையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உட்கார்ந்து வெட்டுவோம், அகவலைத்தான்.

என் மகள் நாடகம் படிக்க வேண்டும் என்கிறாள். சோறு போடுமா?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

நடிப்பு மட்டும் என்றால் சந்தேகம்தான் அக்கா. ஒளி, ஒலி, ஒப்பனை, மேடை நிர்வாகம் என்று இன்னொரு கைத்தொழிலும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே வேண்டும் என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் புலம் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டார்கள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குலசை முத்தாரம்மன் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறேன். வேஷம் கலைத்த பிறகு முகம் இரண்டு மூன்று நாள் எரிகிறது. நாடக ஒப்பனையில் இதற்கு வழி உண்டா?
– ஒரு பக்தர், திசையன்விளை

உண்டு அண்ணாச்சி. முதலில் என்ன பூசுகிறீர்கள் என்று பாருங்கள். தசரா நேரத்தில் கடைகளில் தூளாகக் கட்டி விற்கிற சாயத்தில் எது முகத்துக்கானது, எது கோலத்துக்கானது என்று கேட்காமல் வாங்காதீர்கள். பழைய நாடகக்காரர்கள் மஞ்சளுக்கு அரிதாரம் பூசினார்கள். அது ஆர்செனிக் சேர்ந்த கல், விஷம். அவர்கள் பூசினார்கள் என்று நாமும் பூச வேண்டியதில்லை. தோலுக்கென்றே செய்த கட்டிச் சாயம் டியூபிலும் டப்பாவிலும் கிடைக்கிறது, ஒப்பனைப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். வாங்கினதும் முந்தின நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி விட்டுவிடுங்கள். சிவந்து அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

பூசுமுன் முகத்தைக் கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெயை மெல்லிசாகத் தடவி ஒற்றி எடுத்துவிட்டு, அதன்மேல் சாயம். கண் இமை ஓரத்திலும் உதட்டுக்குள்ளும் போக வேண்டாம். மேலே பவுடரை ஒற்றினால் வியர்வையில் வழியாது. உங்கள் எரிச்சல் பெரும்பாலும் கலைக்கிற முறையால் வருவது. கடற்கரையில் சூரசம்ஹாரம் முடிந்த களைப்பில் சோப்பைப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் உரியும், சாயம் போகாது. திரும்பவும் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு தடவை செய்தால் முக்கால்வாசி வந்துவிடும். அப்புறம் கடலைமாவு போட்டு வெறும் தண்ணீரில் கழுவலாம். கிரீடம் நெற்றியில் அழுத்துகிற இடத்தில் உள்பக்கமாகப் பஞ்சு வைத்துத் துணி தைத்துவிடுங்கள், அங்கே தோல் உரசிப் புண்ணானால்தான் சாயம் உள்ளே இறங்கி இன்னும் எரியும். இத்தனைக்குப் பிறகும் எரிந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள். கைக்கும் ஆயுதத்துக்கும் அடிக்கிற சில்வர் பெயின்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.